மேட்டுப் பக்கத்துக் கோல்

அட்டன் புட்போல் லீக்கிலிருந்து அளக்க வந்த இரண்டு பேரில் ஒருவர் ஆற்றுப் பக்கத்துக் கோலில் டேப்பின் நுனியை மிதித்துக்கொண்டு நின்றார். மற்றவர் டேப்பை இழுத்துக்கொண்டு கிரவுண்டின் நடுவாக நடந்து வந்து மேட்டுப் பக்கத்துக் கோலில் நின்றார். குனிந்து டேப்பைப் பார்த்தார். நிமிர்ந்து, கோலுக்குப் பின்னால் சரிவாக எழும்பி நின்ற மேட்டைப் பார்த்தார்.

"நீளம் காணாது, பத்தாது," என்றார்.

நல்லமுத்து கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றான். காணாது என்பது அவனுக்குத் தெரியும். மூன்று வருஷமாக அந்தக் கோலில் நிற்கிறவன் அவன். வலைக்குப் பின்னால் ஒரு எட்டு வைக்க இடம் கிடையாது. வலையே மேட்டின் மேல்தான் சாய்ந்து கிடக்கும்.

"நல்ல கிரவுண்டு," என்றார் டேப்பைச் சுருட்டியபடியே. "மேட்ட ஒரு பக்கம் வெட்டி உள்ள தள்ளிட்டீங்கன்னா லீக் மேட்ச் இங்கயே குடுக்கலாம். இல்லாட்டி நீங்கதான் ஒவ்வொரு தடவையும் அட்டனுக்கு வரணும்."

சொல்லிவிட்டு மேட்டில் இரண்டு எட்டு ஏறி, செருப்புக் காலால் மண்ணைக் குத்திப் பார்த்தார். நல்லமுத்துவுக்கு அந்தக் காலைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது. இழுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பாலத்தடி பஜாரில் தட்டையான இடம் என்று இருந்தது அந்தக் கிரவுண்டு ஒன்றுதான். பொகவந்தலாவை பஸ் பாலத்தைத் தாண்டி வளைகிற இடத்தில் ஒரே தெருவாகக் கடைகள். கடைகளுக்குப் பின்னால் கிரவுண்டு. அதற்கு மேலே மேடு. மேட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் கடைசி லயம். முன்பு அது முழுக்க மானாப்புல் மண்டிய சரிவு. தேயிலைக்கும் ஆகாது, கடை கட்டவும் ஆகாது என்று தோட்டத்துத் தொரை அதைப் புட்போல் கிளப்புக்குக் கொடுத்தார். பஜார் ஆட்களும் தோட்டத்து ஆட்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் மம்பட்டி எடுத்து வெட்டிச் சமப்படுத்தினார்கள். ஆற்றுப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டே வந்தவர்கள், ஒரு நாள் பிற்பகல் மேட்டின் அடியில் வந்து நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் பாறை.

பாறை என்று முதலில் சொன்னவன் நல்லமுத்து.

அன்று அவன் முன்வரிசையில் வெட்டிக்கொண்டு வந்தான். வெட்ட வெட்டக் கை கனத்தது. பழைய கொய்யா மரத்தின் அடிக்கட்டை கண்ணில் பட்டதும் கை அப்படியே நின்றது. அதற்கு முன்னால் கிடந்த ஒரு கல்லில், உள்ளங்கை அளவுகூட இருக்காது, வேண்டுமென்றே மம்பட்டியைப் போட்டான். 'டங்' என்றது. "பாறைப்பா!" என்று கத்தினான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

நாற்பது வருஷம் தேயிலை மலையில் தண்ணீர்க் கான் வெட்டிய கந்தப்பன் கங்காணி வந்து பார்த்தார். தன் மம்பட்டியால் இன்னோர் இடத்தில் மெல்லத் தட்டினார். "ஆமாப்பா. பெரும் பாறை. வெடிமருந்து வச்சாத்தான் ஒடையும்," என்றார். அதோடு எல்லோரும் மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

மண்ணைத் தொட்டே கல் எது பாறை எது என்று சொல்லுகிற மனிதர் இந்தச் சின்னக் கல்லுக்கு ஏமாந்து போனாரே என்று நல்லமுத்துவுக்கு ஆச்சரியம். பிறகு வெட்கம். ஒரு பஜாரையே ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டான். கிரவுண்டு கட்டையாகிவிட்டது அவனால்தான். ஒவ்வொரு தடவை வெளியூர் டீம் வந்து, "இது என்னா, கோழிக்கூடா?" என்று சிரிக்கும்போதும் அந்தச் சிரிப்பு அவன் மேலேயே வந்து விழும்.

கொய்யாக் கட்டைக்குக் கொஞ்சம் மேலேதான் அவனுடைய முதல் பிள்ளை இருந்தது.

வேலாயிக்குப் பிறந்து, பெயர் வைக்கும்வரை தங்காமல் போன பிள்ளை. தோட்டத்துச் சுடுகாடு மலை உச்சியில், அடுத்த டிவிஷனுக்கும் மேலே. பெயர் வைக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யாரும் ஏறுவதில்லை. ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன்னால் அப்பன்காரன் தனியாகப் போய்ப் புதைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து, நேரே வேலைக்குப் போக வேண்டும். தாய்க்கு இடம் சொல்லக் கூடாது. இடம் தெரிந்தால் அங்கேயே போய்ப் போய் நிற்பாள், அடுத்தது தங்காது என்பார்கள். ஆண்களும் தங்களுக்குள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. மற்றவர்கள் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று நல்லமுத்து ஒரு நாளும் யோசித்தது கிடையாது. மழையில், வேலாயியின் பழைய சேலைத் துண்டில் சுற்றி, நாய் தோண்டாமல் மேலே முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு, ஈர மம்பட்டியோடு பெரட்டுக்குப் போய் நின்றது மட்டும் அவனுக்கு ஞாபகம் இருந்தது.

அதற்குப் பிறகு மீனம்மா பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வேலாயி ஒரு நாளும் 'எங்கே' என்று கேட்கவில்லை.

*

பெரியதம்பி முதலாளியின் துணிக்கடைக்குப் பின்னால், பேல்கள் அடுக்கிய அறையில் கமிட்டி கூடியது. முதலாளிதான் தலைவர். பந்தை ஒரு நாளும் காலால் தொட்டதில்லை. ஆனால் ஒரு மேட்ச் விடமாட்டார். டேப்போடு வந்தவர்கள் போன நாளிலிருந்து அவர் நிலைகொள்ளாமல் இருந்தார்.

"மேட்ட வெட்டுறோம். வெட்டுன எடத்துல தகரம் போட்ட கேலரி. மழை பெஞ்சாலும் சனம் நனையாது. முன்னுக்கு எங்கப்பா பேர எழுதினாப் போதும், எனக்கு வேறொண்ணும் வேணாம்."

"சனம் நனையாது, சரிங்க மொதலாளி," என்றான் அழகுமுத்து. அவன் லொறியில் மூட்டை ஏற்றுகிறவன். டீமில் நல்லமுத்துவுக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்கிறவனும் அவன்தான். "ஆடுறவன் நனைவானே? அவன் தலைக்கும் ஒரு தகரம் போட்டுருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்து கணேசமூர்த்தி மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அட்டனில் படித்து, போன வருஷம்தான் இங்கே வந்தவர். டீமுக்கு ஓட்டம் பழக்குகிறவரும் அவர்தான்.

"பசங்க விடியக்கால பஸ் புடிச்சு, வயித்துல ஒண்ணுமில்லாம அட்டனுக்குப் போயி ஆடுறாங்க. தோத்துட்டு வாறாங்க. தோக்குறது ஆட்டத்துல இல்ல, பஸ்ஸுல. நம்ம சனம் கண்ணு முன்னால ஒரு லீக் மேட்ச் ஆடினதில்ல. அத மாத்தலாம்னு ஒரு வழி வந்திருக்கு. கங்காணியாரே, நீங்க என்னா சொல்றீங்க?"

கந்தப்பன் கங்காணி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "மேட்ட வெட்டுனா மண்ணு சரியும் தம்பி. மேல லயம் இருக்கு."

"லயம் எங்கயோ இருக்கு. நாம வெட்டப் போறது அடிவாரம் மட்டுந்தான்."

"மழை பேஞ்சா அப்புடியெல்லாம் கணக்குப் பாக்காது."

"கட்டையா இருக்குறதுதான் மாஸ்டர் நமக்கு லாபம்," என்று அழகுமுத்து குறுக்கே வந்தான். "எறம்பொடைப் பசங்களப் பாத்தீங்கதான? பெரிய கிரவுண்டுல ஓடிப் பழகுனவனுங்க. இங்க வந்து பிரேக் புடிக்க முடியாம மேட்டுல போயி முட்டிக்கிட்டானுங்க."

"சிரிக்கிறதுக்கா கூடியிருக்கோம்?"

"சரி, சிரிக்காமச் சொல்றேன். நம்மள இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டாச்சு. நம்மள்ல பாதிப் பேரு கப்பலேறப் போறான். யாருக்கு மாஸ்டர் கிரவுண்டு?"

அந்த வருஷம் எந்தப் பேச்சும் அங்கேதான் போய் நின்றது. எந்த லயத்திலும், எந்தக் கடையிலும், போகிறவன் யார், இருக்கிறவன் யார் என்ற கேள்வி இருமல் மாதிரி கிடந்தது.

"மத்தப் பாதிக்கு," என்றார் மாஸ்டர் மெதுவாக.

மாஸ்டர் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் நல்லமுத்துவைப் பிசைந்தது. அவனுக்கும் ஆசைதான். சொந்தக் கிரவுண்டில், முழு அளவுக் கோலில், முழு பஜாரும் பார்க்க ஒரு லீக் மேட்ச்சில் நிற்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறான். வாயைத் திறந்து 'வெட்டுவோம்' என்று சொல்லத்தான் போனான்.

"பாறை இருக்கு," என்றான்.

"நீங்கதான பாத்தீங்க?" என்றார் மாஸ்டர்.

"ஆமா."

"எவ்வளவு பெருசு?"

"பெருசு."

"நானும் பாத்தேன்," என்றார் கங்காணி உடனே.

"நானுந்தான்," என்றான் அழகுமுத்து.

நல்லமுத்து திரும்பி அவனைப் பார்த்தான். அன்றைக்கு அழகுமுத்து ஆற்றுப் பக்கத்தில் மண் கொட்டிக்கொண்டிருந்தவன். மேட்டுப் பக்கம் வரவே இல்லை. நமக்காகப் பொய் சொல்கிறான் என்று நினைத்ததும் நல்லமுத்துவின் முகம் சுட்டது.

"அப்ப நல்லது," என்றார் மாஸ்டர். "பாறைன்னா பயமில்ல. தோட்டத்துல மருந்து கேக்கலாம். ஞாயித்துக்கெழம ஒரு குழி வெட்டி, எவ்வளவு தூரம் போகுதுன்னு பாத்துருவோம். பாறையக் காட்டுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

முதலாளி தொடையைத் தட்டி, "முடிஞ்சுது!" என்றார்.

*

அந்த வாரம் கவ்வாத்து மலையில் நல்லமுத்துவின் கத்தி சொன்ன இடத்தில் விழவில்லை. மேலே வெட்ட வேண்டிய வாதுக் கிளையைக் கீழே வெட்டினான். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா நிரையில் வந்து நின்று பார்த்தார்.

"என்னா நல்லமுத்து, தேயிலைக்குக் கவ்வாத்து பண்றியா, கழுத்த வெட்டுறியா?"

பக்கத்து நிரையில் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கத்தி தவறியது.

லயத்திலும் இருப்புக் கொள்ளவில்லை. வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தான், எழுந்தான், பீலிப் பக்கம் போனான், தண்ணீர் எடுக்காமல் திரும்பி வந்தான்.

"என்னாங்க, கால்ல வண்டு கிண்டு பூந்துருச்சா?" என்றாள் வேலாயி. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "எங்கண்ணன் வந்துட்டுப் போகுது. அது இந்தியாவுக்கு எழுதிக் குடுத்துருச்சாம். நீ என்னா சொல்றேன்னு மச்சானக் கேளுன்னுச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

"பாப்போம்."

"எப்பக் கேட்டாலும் பாப்போம். எதைத்தான் பாக்குறீங்களோ."

அவள் மாவைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். இருவருக்கும் நடுவில் மீனம்மா வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேலாயியின் கையைப் பார்த்தான். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். சொன்னால் இந்தக் கை என்ன செய்யும் என்று அவனால் நினைக்க முடியவில்லை.

மறுநாள் வேலை விட்டதும் கால் தானாக மேட்டுப் பக்கம் போனது. அங்கே கந்தப்பன் கங்காணி அரிவாளோடு குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு கைப்பிடி மானாப்புல்.

"மாட்டுக்கா மாமா?"

"ம்."

அவர் நிமிரவில்லை. அவனும் நிற்கவில்லை. பாதையில் பாதி வந்த பிறகுதான், கங்காணி பொங்கலோடு மாட்டை விற்றுவிட்டார் என்பது நினைவுக்கு வந்தது. நின்றான். திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. பனி மட்டும் ஆற்றிலிருந்து எழும்பிக் கடைகளின் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மம்பட்டியும் கடப்பாரையுமாகப் பத்திருபது பேர் வந்திருந்தார்கள். வழக்கமாக இப்படிக் கூடினால் இருக்கிற கேலியும் சத்தமும் அன்று இல்லை. முதலாளி புது வேட்டி கட்டி, மேட்டில் பாதி ஏறி நின்று, கேலரி எங்கே வரும் என்று கையால் வானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் ஒரு மம்பட்டியை நல்லமுத்துவிடம் நீட்டினார்.

"பாத்தவரு நீங்க. எந்த எடத்துலன்னு வெட்டிக் காட்டுங்க."

நல்லமுத்து வாங்கினான். கொய்யாக் கட்டை இருந்த இடத்தைப் பார்த்தான். கட்டை எப்போதோ உளுத்துப் போய்விட்டது. மம்பட்டியைத் தூக்காமல் நின்றான். பாலத்தில் ஒரு பஸ் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது.

"அதெல்லாம் வெட்ட வேணாம்," என்றார் கங்காணி. "பாறைதான். நான் சொல்றேன்ல."

"பாத்தா என்னா கங்காணியாரே?"

"நாப்பது வருஷம் மண்ணு வெட்டுனவன் சொல்றேன். பாறை."

"சரி, குடுங்க," என்று மாஸ்டர் நல்லமுத்துவின் கையிலிருந்து மம்பட்டியை வாங்கினார். கோபம் இல்லை, அவசரம்தான். சட்டைக் கையை மடக்கிவிட்டு, மேட்டின் அடியில் கால் ஊன்றி, முதல் வெட்டுப் போட்டார். மண் பொதுக்கென்று உள்வாங்கியது. சத்தமே இல்லை. இன்னொரு வெட்டு. கறுப்பு மண், புல்வேர், மண்புழு.

"எங்க பாறை?" என்று திரும்பினார். "வெண்ணெய் மாதிரி இருக்கு! மூணு வருஷமா எதுக்கு எல்லாரும்..."

மூன்றாவது தடவை ஓங்கியபோது அழகுமுத்து போய் மம்பட்டியின் காம்பைப் பிடித்துக்கொண்டான். எப்போதும் சிரிப்புக் காட்டுகிற அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

"விடுங்க மாஸ்டர்."

"ஏன்?"

"விடுங்கன்னா விடுங்க."

"காரணத்தச் சொல்லு, விடுறேன்."

அழகுமுத்து சொல்லவில்லை. காம்பை விடவும் இல்லை. மூட்டை தூக்குகிறவனின் பிடி. மாஸ்டர் இழுத்துப் பார்த்தார். சண்டை வந்துவிடும் போலிருந்தது. நல்லமுத்து, அழகுமுத்துவின் கால்களைப் பார்த்தான். அவன் நின்ற விதம் ஒரு மாதிரி இருந்தது. ஒரு காலை இங்கும், இன்னொரு காலை எட்டி அங்கும் வைத்து, நடுவில் எதையோ மிதிக்காமல் நின்றான். பந்தைத் துரத்தி மேட்டோரம் போகும்போதெல்லாம் அவன் இப்படித்தான் சுற்றிப் போவான். முள் இருக்கும் என்று நினைத்திருந்தான் நல்லமுத்து.

"பாறை இல்ல மாஸ்டர்," என்றான் நல்லமுத்து.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"புள்ள இருக்கு. எம்புள்ள."

மாஸ்டரின் கை தளர்ந்தது. மம்பட்டி இப்போது அழகுமுத்துவின் கையில் மட்டும் இருந்தது. அவன் அதை மெல்லப் புல்லில் படுக்க வைத்தான்.

"எனக்கு ரெண்டு," என்றான்.

கங்காணி குந்தி உட்கார்ந்தார். தலைத்துண்டை அவிழ்த்து முழங்காலில் போட்டுக்கொண்டார். "நான் கங்காணி ஆகுறதுக்கு முன்னாடி," என்றார். எத்தனை என்று சொல்லவில்லை. பின்னால் நின்றவர்களில் ஒருவன் கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கினான். இன்னொருவன் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நல்லமுத்து கங்காணியிடம் கேட்டான். "அன்னிக்கு எங் கல்ல நம்பிட்டீங்கன்னுதான மாமா நெனச்சேன்?"

"நீ என்னய நம்பிட்டேன்னு நான் நெனச்சேன்," என்றார் கங்காணி. "ஏமாத்திட்டமே இந்தப் பயலன்னு எத்தன நாள் மனசு கெடந்து அடிச்சிச்சு தெரியுமா?"

மேட்டில் பாதியில் நின்ற பெரியதம்பி முதலாளி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இறங்க ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை வைக்கவில்லை.

"எங்க கால வைக்கிறதுப்பா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஒற்றைக் காலில் புது வேட்டியோடு அவர் அப்படியே நின்றார். கடைசியில் அழகுமுத்து போய் அவரைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் கொண்டுவந்து கிரவுண்டில் விட்டான்.

மாஸ்டர் தான் வெட்டிய மண்ணைக் கையாலேயே அள்ளி, வெட்டின இடத்தில் போட்டு அமுக்கினார். ஆற்றுப் பக்கம் பார்த்தார். அங்கே கோலுக்குப் பின்னால் முதலாளியின் துணிக் கிடங்கு.

"கோல அந்தப் பக்கம் தள்ளலாம்," என்றார், யாரையும் பார்க்காமல்.

முதலாளியும் கிடங்கைப் பார்த்தார். "பாப்போம்," என்றார். செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு கடைப் பக்கம் நடந்தார்.

*

பீலிக்குச் செய்தி போய்விட்டது. நல்லமுத்து லயத்துக்கு வரும்போது பெண்கள் அங்கங்கே இரண்டிரண்டு பேராக நின்றார்கள். அவனைக் கண்டதும் பேச்சு நின்றது. வேலாயி காம்பராவுக்குள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கனவே விளக்கிய பாத்திரங்கள். அவன் வாசற்படியில் உட்கார்ந்தான்.

மீனம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். வெயில் வாசலில் ஒரு கோடாக விழுந்து, மெல்ல நகர்ந்து, அவன் கால் பெருவிரலைத் தொட்டது.

"எந்தப் பக்கம்?" என்றாள் வேலாயி.

"கோலுக்குப் பின்னால. எடது கம்பத்துக்கு நேரா, கொஞ்சம் மேல."

"நீங்க நிக்கிற கோலா?"

"ம்."

பாத்திரம் உருண்டது. அவள் எடுக்கவில்லை.

"மேட்ச் பாக்க வந்தா, அங்கன குந்தாத, அட்டை கடிக்கும்னு வெரட்டுவீங்களே."

"ம்."

"நாள் பூரா அட்டைக்குள்ள நின்னு கொழுந்து எடுக்குறவளப் பாத்து அட்டை கடிக்கும்னு சொன்னப்பவே நெனச்சேன். அங்க எவளையோ குந்த வச்சிருக்கீங்கன்னு." ஒரு சிரிப்பு வந்து பாதியில் உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் தோள் மட்டும் அசைந்தது. அவன் எழுந்து உள்ளே போகப் பார்த்தான். "வேணாம், அங்கயே இருங்க," என்றாள்.

இருந்தான்.

"அதுக்குத்தானா ஊருக்கு எழுதிக் குடுக்காம இழுத்துக்கிட்டு இருந்தீங்க?"

"தெரியல. அதுவும் இருக்கும்."

"எங்கிட்ட சொன்னா அடுத்தது தங்காதுன்னுதான சொல்லல?"

"அப்புடித்தான சொல்லுவாங்க."

"தங்கிருச்சு," என்றாள் வேலாயி. "வாய்ப்பாடு சொல்லுது. அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம்."

வெயில் காலைத் தாண்டிப் போய்விட்டது.

*

அடுத்த ஞாயிறு இறம்பொடை டீம் வந்தது. லீக் மேட்ச் இல்லை, சும்மா பேசிவைத்த ஆட்டம். பஜார் முழுக்க வந்திருந்தது. கிடங்கைப் பற்றி முதலாளி இன்னும் வாய் திறக்கவில்லை. மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தார். நடக்கும்போது அடிக்கடி ஆற்றுப் பக்கம் பார்த்தார்.

இடைவேளைக்குப் பிறகு நல்லமுத்து மேட்டுப் பக்கத்துக் கோலுக்கு வந்தான். வந்து நின்றதும் முதுகில் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. திரும்பினான். மேட்டில் பெண்கள். எப்போதும் கடைச்சுவர் ஓரமாக நிற்கிற பெண்கள் ஒவ்வொருவராக ஏறி வந்து, இடுப்பில் கட்டுகிற படங்கை விரித்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். சேர்ந்து உட்காரவில்லை. ஒருத்தி அங்கே, ஒருத்தி இங்கே. ஒருவரோடொருவர் பேசவும் இல்லை. கங்காணியின் மனைவி எல்லோருக்கும் மேலே, ஒரு புல் புதரின் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்காமல் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகுமுத்துவின் மனைவி ஓர் இடத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள். இன்னோர் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

வேலாயி இடது கம்பத்துக்கு நேராக இருந்தாள்.

நல்லமுத்து கம்பத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அதுதானா இடம்? கம்பம் நட்டது பிறகு. கட்டை இப்போது இல்லை. கட்டைக்கும் கம்பத்துக்கும் நடுவில் எவ்வளவு இருந்தது? ஒரு பெருமழையில் மேட்டின் தோள் சரிந்ததே, அது எந்தப் பக்கம்? இவ்வளவு காலமும் கண்ணை மூடினால் தெரிந்த இடம், அவள் அங்கே உட்கார்ந்த பிறகு தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் மேலேயோ. இன்னும் ஒரு கை தள்ளியோ.

"மச்சான்! முன்னால பாரு!"

அழகுமுத்துவின் குரல் கேட்டுத் திரும்பியபோது பந்து அவன் காதை உரசிக்கொண்டு வலைக்குள் போயிருந்தது. இறம்பொடைக்காரர்கள் குதித்தார்கள். கடைப் பக்கமிருந்து யாரோ, "நல்லமுத்து, பொண்டாட்டிய வீட்டுல போயிப் பாத்துக்கலாம்யா!" என்று கத்தினான். பஜார் சிரித்தது. மேடு சிரிக்கவில்லை.

அவன் பந்தை எடுத்து உதைத்தான். நின்றான். மறுபடியும் திரும்பினான். தன்னைத்தானே திட்டிக்கொண்டு முன்னால் பார்த்தான்.

அடுத்த பந்து வலையைத் தொடவில்லை. உயரமாக வந்து, குறுக்குக் கம்பத்தில் பட்டுத் தெறித்து, மேட்டில் ஏறியது. மூன்று வருஷமாக மேட்டுக்குப் போகிற பந்தை அவனேதான் போய் எடுப்பான், வேறு யாரையும் விடமாட்டான். இப்போதும் கால் எட்டு வைத்தது. வைத்த கால் நின்றது. எங்கே மிதிப்பது என்று முதலாளி கேட்ட கேள்வி அவனுக்கும் வந்துவிட்டது.

பந்து சரிவில் மெல்ல உருண்டு வந்து வேலாயியின் படங்கில் தட்டி நின்றது. அவள் அதை எடுத்தாள். மண்ணைத் துடைத்தாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

ரெஃப்ரி விசில் ஊதினார். பிறகு, என்ன நினைத்தாரோ, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். இறம்பொடைப் பையன்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். "பந்து!" என்று அவர்களில் ஒருவன் கேட்டான். தோட்டத்து டீமில் யாரும் கேட்கவில்லை.

நல்லமுத்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னும் கொஞ்சம் மேல தள்ளிக் குந்து என்று சொல்ல வாய் வந்தது. அது சரியா என்று தெரியவில்லை. வேலாயி அவனைப் பார்த்தாள். அவனிடம் எதையோ கேட்பது போல இருந்தது. ஒருவேளை அவள் கேட்கவே இல்லையோ.

அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

அவள் இரண்டு கையாலும் பந்தை எடுத்து, கீழே உருட்டிவிட்டாள். அது புல்லில் ஈரக்கோடு போட்டுக்கொண்டு வந்து அவன் காலடியில் நின்றது. அவன் குனிந்து எடுத்தான். சூடாக இருந்தது.

"உதைய்யா!" என்று அழகுமுத்து கத்தினான். அவன் குரலும் சரியாக இல்லை.

நல்லமுத்து உதைத்தான்.